பத்தொன்பதாவது தடுப்பு

மரியகொரட்டி விசைப்பலகையின் இடது அம்பை அழுத்தினாள். பந்து ஓர் அடி பின்னால் போனது. இன்னொரு முறை அழுத்தினாள். கோல்காப்பாளரின் நீட்டிய கை பந்தை விட்டு விலகி மார்புக்குத் திரும்பியது. வலது அம்பு. கை மறுபடி நீண்டது. விரல் நுனி பந்தைத் தொட்டது. பந்து கம்பத்துக்கு வெளியே உருண்டு விளம்பரப் பலகையில் முட்டி நின்றது.

"எத்தன தடவ பார்த்தாலும் அது வெளியதான் போகும் அக்கா," என்றது காதில் மாட்டியிருந்த கருவி.

"தொட்டதால வெளிய போகுது. தொடலைன்னா?"

"தொடலைன்னாலும் வெளியதான். கோலுக்கு வெளிய போற பந்த கீப்பர் தொட்டா அது தடுப்பு இல்ல. நாலாவது விதி."

"விதி எனக்கும் தெரியும் தம்பி."

"அப்ப அழிச்சிருங்க."

"அழிக்க மாட்டேன். அஞ்சு மணிக்குத்தான பூட்டுவீங்க?"

"ஓம். அதுக்குப் பிறகு யாராலயும் மாத்த ஏலாது."

"இப்ப மணி மூணேகால்," என்றாள் மரியகொரட்டி.

கருவிக்குள் பேசியவன் ஆகில். கொழும்பில் இருக்கும் சரிபார்ப்பவன். ஆளை அவள் பார்த்ததில்லை. பதுளையில், பசறை வீதியில், ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த அந்த அறையில் ஆறு மேசைகள். எந்தெந்த நாட்டிலோ முந்தின நாள் நடந்த உதைபந்தாட்டப் போட்டிகள் படமாக அங்கே வரும். ஒரு போட்டிக்கு இருவர், அணிக்கு ஒருவர். பந்தை யார் தொட்டது, எந்த நிமிடம், மைதானத்தின் எந்த இடம், எந்தக் கால் என்று ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். ஓர் அணிக்கு எழுநூறு எண்ணூறு பதிவுகள் வரும். ஆகில் அவற்றைத் திருப்பிப் பார்ப்பான், சந்தேகம் என்றால் கேட்பான், ஐந்து மணிக்குப் பூட்டுவான். பிறகு அந்த எண்கள் பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் போகும். அடுத்த நாள் எங்கோ ஒருவர் காலைத் தேநீரோடு அதைப் படிப்பார். யார் எண்ணியது என்று யாரும் கேட்பதில்லை.

இன்றைய போட்டி உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்று. சிவப்பு அணி பெரிய நாடு. வெள்ளை அணி ஒரு தீவு. பதுளை மாவட்டத்தில் இருக்கும் சனத்தில் பாதிகூட அங்கே இல்லை. ஆறுக்குப் பூச்சியம். வெள்ளை தோற்றது. வெள்ளைதான் மரியகொரட்டியுடையது.

வெள்ளையின் கோல்காப்பாளருக்கு முப்பத்தேழு வயது. பகலில் சுங்கத்தில் வேலை பார்க்கிறார் என்று தகவல் தாளில் இருந்தது. ஆறு கோல் வாங்கிய அவர், அவளுடைய பதிவின்படி, பத்தொன்பது பந்துகளைத் தடுத்திருந்தார். அந்தச் சுற்றில் ஒரே போட்டியில் அதிகத் தடுப்பு பதினெட்டு. பதினோரு வருடத்துக்கு முன்பு வேறு யாரோ செய்தது. எண்பத்தோராவது நிமிடத்தில் விரல் நுனி தொட்ட அந்தப் பந்தை எடுத்துவிட்டால் இவரும் பதினெட்டு.

அவளுக்கும் ஒரு எண் இருந்தது. ஒரு போட்டியில் மூன்று பிழைக்குக் குறைவாக, தொடர்ந்து பத்துப் போட்டிகள். அப்படிச் செய்தவரைச் சரிபார்ப்பவராக எடுப்பார்கள். பதுளை அறைக்கு ஒரு சரிபார்ப்பவர் இடம் காலியாக இருந்தது. ஒன்பது போட்டிகள் முடிந்தன. இது பத்தாவது. பன்னிரண்டாவது நிமிடத்தில் பந்தைக் கையால் எறிந்தவனை மாற்றிப் பதிந்திருந்தாள். ஐம்பத்தைந்தில் ஒரு இடத்தைத் தவறாகக் குறித்திருந்தாள். இரண்டையும் ஆகில் காட்டியதும் ஒத்துக்கொண்டாள். இது மூன்றாவது ஆனால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

"என்னடி, சுங்கக்காரன விட மாட்டியா?" என்றாள் பக்கத்து மேசை முஷ்ரிபா. சிவப்பு அணி அவளுடையது. அவள் பதிவுகள் அரை மணிக்கு முன்பே பூட்டத் தயாராகிவிட்டன. மீன் பணிஸை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியைக் கொரட்டியின் விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அவரு தடுத்தாரு. நான் எழுதினேன். அவ்வளவுதான்."

"ஒன்ட வாய் அப்பிடிச் செல்லுது. கை என்ன செஞ்சுதோ. ராசம்மாக்குப் போட்ட மாதிரி ஒரு கை கொழுந்து அள்ளிப் போட்டியோ தெரியாது."

கொரட்டி சிரித்தாள். பணிஸைக் கடித்தாள்.

மரியகொரட்டி மடுல்சீமைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அப்பா இராயப்பன் தேயிலை ஆலையில் வேலை. உயர்தரப் பரீட்சையில் ஒரு பாடம் தவறியது. அடுத்த கிழமையே கொழுந்துக்கு இறங்கினாள். பத்து வருடம் பறித்தாள். பதினாறு கிலோ பறித்தால் ஒரு பேர், அதாவது ஒரு முழு நாள். குறைந்தால் அரைப்பேர். கணக்கப்பிள்ளை தராசுக்கு முன்னால் முள்ளை மறைத்துக்கொண்டு நின்று நிறுப்பார். ஒரு நாள் அவள், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா, முள்ளு தெரியல," என்றாள். மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் அவளுக்கு மலையுச்சி விழுந்தது. ஒரு கிழமை முழுக்க மலையுச்சி. எட்டாம் நாள் இறங்கி வந்து மறுபடியும், "முள்ளு தெரியல," என்றாள். அவர் அரையடி தள்ளி நின்றார்.

ராசம்மா அடுத்த நிரையில் பறித்தவள். காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்த மாதத்தில் அவளுக்குப் பதினொன்று, பன்னிரண்டுக்கு மேல் ஏறவில்லை. நிறுவைக்குப் போகும் வழியில் பெண்கள் அவளைத் தாண்டும்போது ஆளுக்கு ஒரு கை கொழுந்தை அவள் கூடையில் போட்டார்கள். யாரும் சொல்லிப் போடவில்லை. நடந்துகொண்டே போட்டார்கள். கொரட்டி இரண்டு கை போடுவாள். ராசம்மா திரும்பிப் பார்க்க மாட்டாள். பார்த்தால் போட முடியாது. முழுப் பேர் விழும்.

தேவாலயப் பங்கில் நடத்திய கணினி வகுப்புக்குச் சனிக்கிழமைகளில் பதுளைக்கு வந்தாள். காலை ஐந்து மணி பஸ்ஸில் வந்து, இருட்டுவதற்குள் திரும்பினாள். இந்த அறைக்கு ஆள் எடுத்த அன்று, "ஃபுட்போல் தெரியுமா?" என்று கேட்டார்கள். "தெரியாது. எண்ணத் தெரியும்," என்றாள். இருநூறு தொடுகைகளைக் காட்டிப் பதியச் சொன்னார்கள். நூற்றுத் தொண்ணூற்றேழு சரியாக இருந்தது. அவள் இரண்டு கையாலும் பதிந்தாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. அந்த மூன்று எவை என்று கேட்டு, பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினாள்.

இரண்டு வருடமாகிறது. இப்போது அவளுக்கு முப்பத்திரண்டு. சரிபார்ப்பவர் இடம் எதற்கு என்று முஷ்ரிபா ஒரு முறை கேட்டாள். "முள்ளு தெரியிற எடத்துல நிக்க," என்றாள்.

மூன்றரை மணிக்கு அவள் அந்தப் பந்தை விட்டுவிட்டு, அதற்குப் பிந்தைய படத்தைப் பார்க்கத் தொடங்கினாள். எண்பத்தொன்றில் கோல்காப்பாளர் விழுந்த இடத்திலேயே கிடந்தார். தோளில் அடி. வைத்தியர் ஓடி வந்தார். படப்பிடிப்பாளர் உயரத்தில் இருந்த படக்கருவியிலிருந்து மைதானத்தின் அந்தப் பாதியைக் காட்டினார். மூன்று விநாடி. பிறகு பார்வையாளர்கள், பயிற்றுநரின் முகம், கொடி.

மூன்று விநாடிக்குத் திரும்பினாள். நிறுத்தினாள்.

இடைவேளையில் அங்கே மழை பெய்திருந்தது. புல் முழுக்க நீர், வெயில் பட்டு வெள்ளையாக மினுங்கியது. அந்த வெள்ளையில் ஒரு கறுத்த கோடு இருந்தது. கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்கு வெளியே, சிவப்பு ஆட்டக்காரன் உதைத்த இடத்தில் தொடங்கி, கோல்காப்பாளர் கிடந்த இடம் வரை. பந்து தரையோடு உருண்டு வந்த பாதை. நீரைத் துடைத்துக்கொண்டு வந்திருந்தது.

அவளுக்கு இது புதிதல்ல. விடியற்காலையில் மலைக்கு ஏறும்போது, முன்னால் போனவர்கள் எந்தக் குறுக்குப் பாதையில் போனார்கள் என்று பனிப்புல் சொல்லிவிடும். நடந்த இடம் கறுப்பாகக் கிடக்கும். வெயில் ஏறும்வரை அழியாது.

"முஷ்ரிபா, ஒன் மகளோட அடிமட்டம் இருக்கா?"

"பேக்குக்குள்ள ஈக்கி. நேத்து ஸ்கூல் விட்டு வரக்குள்ள தந்தது. என்னத்துக்கு?"

"குடு."

கோடு போடும் அந்த அடிமட்டத்தைத் திரையின் மேல் வைத்தாள். கறுத்த கோட்டின் இரண்டு முனையையும் பொருத்தினாள். பிறகு அதே திசையில், கோல்காப்பாளரின் கையைத் தாண்டி, கோல் கோடுவரை கண்ணை ஓட்டினாள். அடிமட்டம் கம்பத்துக்கு உள்ளே போனது. அதிகமில்லை. ஒரு பந்தின் அகலம்.

முஷ்ரிபா எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். பணிஸ் துகள் அடிமட்டத்தின் மேல் விழுந்தது. ஊதிவிட்டாள்.

"உள்ளதான் போகுது," என்றாள். "அல்லாஹ்வே. புல்லப் பார்த்தா சொல்றா இவ."

கொரட்டி படத்தை வெட்டி எடுத்து, கோட்டின் மேல் மஞ்சள் கோடு ஒன்றை இழுத்து, கொழும்புக்கு அனுப்பினாள். ஆகில் அதைப் பார்த்து முடிக்க இருபது நிமிடம் ஆனது.

"இது நிழலா இருக்கலாம் தானே," என்றான் கடைசியில்.

"கம்பத்தோட நிழல் இடது பக்கம் விழுது. வைத்தியரோடதும் இடது பக்கம். கோடு வலது பக்கம் சாயுது. நிழல் ரெண்டு பக்கமும் விழாது."

"வேற ஆள் ஓடின தடமா இருந்தா?"

"ஓடினா புள்ளி புள்ளியா விழும். இது அறுபடல. உதைக்கிறதுக்கு முன்னால எழுபத்தொம்பதாவது நிமிசத்துல அதே இடத்தக் காட்டுறாங்க. பாருங்க, அப்ப கோடு இல்ல."

அவன் பார்த்தான். காதுக்குள் விசைச் சத்தம் கேட்டது.

"சரி அக்கா. தடுப்புதான். நான் என் கேள்விய எடுத்துர்றேன்." கொஞ்சம் பொறுத்து, "பத்தொன்பது. உங்கட ஆள் ரெக்கோட் எடுத்துட்டார். நீங்களும்தான். பத்தாவது. நாளையில இருந்து நீங்களும் மத்தவங்களுக்குக் கரைச்சல் குடுக்கலாம்," என்றான்.

"இன்னும் பூட்டலையே."

"அஞ்சுக்குப் பூட்டுவேன். வேற ஒண்டும் இல்ல தானே?"

மணி நாலு இருபது.

"இல்ல," என்றாள்.

முஷ்ரிபா கீழே போய் இரண்டு பிளேன்டீ வாங்கி வந்தாள். "ட்ரீட் நீதான் தரணும். இது கடன் இல்ல, ஞாபகம்," என்றாள். அடிமட்டத்தைத் துடைத்துப் பைக்குள் போட்டாள்.

கொரட்டி தேநீரைக் குடிக்கவில்லை. பத்தொன்பது பதிவுகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் திரையில் கொண்டுவந்தாள். நாலாவது நிமிடம், ஒன்பது, பதினொன்று, பதினைந்து. ஒவ்வொன்றையும் திறந்தாள். கை, பந்து, கம்பம். கை, பந்து, கம்பம். எண்பத்தோராவது நிமிடத்தைப் பார்த்ததுபோல மற்ற எதையும் அவள் பார்க்கவில்லை. போட்டி ஓடும்போது பார்த்தது மட்டும்தான்.

முப்பத்தெட்டாவது நிமிடம். மூலையிலிருந்து வந்த பந்து. சிவப்பு ஆட்டக்காரன் உதைத்தான். கோலுக்கு முன்னால் இருவர். வெள்ளையின் நாலாம் எண் காலை நீட்டியிருந்தான், அவனுக்குப் பின்னால் கோல்காப்பாளர் கையை நீட்டியிருந்தார். பந்து திரும்பி வந்தது. அவள் கோல்காப்பாளரின் பெயரில் பதிந்திருந்தாள்.

இடது அம்பு. வலது அம்பு.

பந்து நாலாம் எண்ணின் கணுக்காலில் பட்டுத் திரும்பியது. கோல்காப்பாளரின் கையுறைக்கும் பந்துக்கும் நடுவே ஒரு கால் அகலம் வெளிச்சம் இருந்தது. வேறு கோணமும் இருந்தது. அதிலும் வெளிச்சம்.

பதிந்த நேரத்தைப் பார்த்தாள். பந்து பட்டதற்கும் அவள் விசையை அழுத்தியதற்கும் நடுவே ஒரு விநாடிகூட இல்லை. சந்தேகமான எந்தப் பந்துக்கும் அவள் ஒரு முறையாவது பின்னால் போவாள். இதற்குப் போகவில்லை. அப்போது மூன்று கோல் விழுந்திருந்தது. அந்த மனிதர் ஒவ்வொரு கோலுக்கும் தானே வலைக்குள் போய்ப் பந்தை எடுத்து வந்துகொண்டிருந்தார். அவள் கை போட்டுவிட்டது. நடந்துகொண்டே.

"முஷ்ரிபா."

"ம்."

"நீ சொன்னது சரி. ஒரு கை போட்டிருக்கேன்."

முஷ்ரிபா வந்து பார்த்தாள். இரண்டு முறை ஓட்டச் சொன்னாள். பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆகில் கண்டானா?"

"இல்ல."

"கேட்டானா?"

"இல்ல."

"அப்ப வாய மூடிட்டு டீயக் குடி. நான் பகிடிக்குச் சொன்னது அது. ஒனக்கு என்னடி பைத்தியமா, பத்தாவதுல வந்து நிண்டுக்கிட்டு."

"அஞ்சு மணிக்குப் பூட்டிருவாங்க."

"பூட்டட்டும். அந்த நாலாம் நம்பர்காரன் வந்து ஒங்கிட்டக் கேக்கப் போறானா, என்ட காலு எங்க எண்டு?"

ராசம்மாவின் கூடையில் போட்ட கொழுந்து கொரட்டியின் கூடையிலிருந்து போனது. அவள் தன்னுடையதைக் குறைத்துக்கொண்டு போட்டாள். அதனால் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இது அப்படியில்லை. இந்தக் கை நாலாம் எண்ணின் கூடையிலிருந்து அள்ளியது. பதினோரு வருடத்துக்கு முன்பு பதினெட்டைத் தடுத்தவரின் கூடையிலிருந்தும் அள்ளியது. அவருக்கு யாரும் கை கொடுக்கவில்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

மணி நாலு நாற்பத்தொன்று. காதுக் கருவியை மாட்டினாள்.

"ஆகில் தம்பி, முப்பத்தெட்டாவது நிமிசத்தத் தொறங்க."

"என்னக்கா?"

"அது கீப்பர் இல்ல. நாலாம் நம்பர். கணுக்கால்ல பட்டது. ரெண்டாவது கோணத்துல நல்லாத் தெரியும்."

விசைச் சத்தம்.

"அக்கா," என்றான், "நான் இதக் கேக்கல."

"நான் சொல்றேன்."

"அனுப்பின பிறகு மாத்தினா அதுவும் பிழைதான். நீங்களே சொன்னாலும் பிழைதான். அது உங்களுக்குத் தெரியும்."

"எட்டாவது விதி."

"மூணாவது பிழை. நான் பார்க்கல எண்டு வச்சுக்கங்க. பதினெட்டு நிமிசத்துல பூட்டிருவேன்."

"நீங்க பார்க்கல. நான் பார்த்துட்டேனே தம்பி."

"ரெக்கோட்டும் போயிரும்."

"போகாது. பதினெட்டு இருக்கு. பழைய ஆளோட சேர்ந்து நிப்பாரு. எண்பத்தொண்ண நீங்க தொட ஏலாது, அது அவரோடது. புல்லுல இருக்கு."

ஆகில் சிரித்த மாதிரி இருந்தது. இல்லை, மூச்சுவிட்டிருக்கலாம்.

"நீங்க சரிபார்ப்பவரா வந்தா எனக்குத்தான் கரைச்சல் எண்டு நினைச்சேன்," என்றான். "மாத்திட்டேன். நாலாம் நம்பர், மறிப்பு, வலது கால். சரியா?"

"இடது கால்."

"இடது கால்."

ஐந்து மணிக்குத் திரையில் பூட்டு விழுந்தது. கோல்காப்பாளரின் பெயருக்கு நேரே பதினெட்டு. அவள் பெயருக்கு நேரே, பிழைகள் மூன்று. முஷ்ரிபா தன் பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போய்த் திரும்பி வந்தாள்.

"டீ ஆறிட்டுது," என்றாள். "குடிக்காட்டி ஊத்திரு. எறும்பு வரும்."

கொரட்டி ஆறிய தேநீரைக் குடித்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. ஏழே முக்காலுக்கு அறையைத் திறந்தார்கள். காலையில் மழை. பேக்கரியில் மீன் பணிஸ் முடிந்திருந்தது, மரக்கறி ரோல் இருந்தது. முஷ்ரிபா மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு எட்டரைக்கு வந்தாள். தகுதிகாண் சுற்றின் சாதனைப் பட்டியலில் ஒரே போட்டியில் அதிகத் தடுப்பு என்ற வரியில் இரண்டு பெயர்கள் இருந்தன. சுங்கத்தில் வேலை பார்ப்பவரின் பெயர் இரண்டாவதாக இருந்தது. சரிபார்ப்பவர் இடத்துக்கு இன்னும் யாரையும் எடுக்கவில்லை என்று கொழும்பிலிருந்து ஒரு வரி வந்தது. மரியகொரட்டியின் திரையில், பத்தில் ஒன்று என்று இருந்தது. இரண்டு நாடுகள், நட்புப் போட்டி. அவளுக்கு நீல அணி. ஒன்பது மணிக்குத் தொடங்கினாள். முதல் பாதியில் கோல் இல்லை. பதிவுகள் முந்நூற்று எண்பத்தாறு. மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லாவற்றையும் ஒரு முறை திருப்பிப் பார்த்தாள்.